கடலும் பலகையும் – 9: நின்று துடுப்பு வலித்தவர்கள்

ஹவாய்த் தீவுகளின் தலைவர்கள் தங்கள் குலப் பெருமைக்கு அடையாளமாக வைத்திருந்த ஓலோ என்னும் நெடும்பலகைகளைப் பற்றியும், பாதிரிமார்கள் வந்திறங்கிய பின்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலைச்சறுக்கு வித்தை அநேகமாக மறைந்தொழியும் நிலையை அடைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கி கடற்கரையில் மறுபடியும் தலையெடுத்ததைப் பற்றியும் முந்தைய அத்தியாயங்களில் கண்டோம். அந்த மறுமலர்ச்சியின் ஓரத்தில், அக்காலத்தவர் பெரிதாக மதியாத ஒரு சிறு வழக்கமாக முளைத்து, நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, பின்பு பதினைந்து ஆண்டுகளுக்குள் பூமண்டலத்தின் ஏரிகளிலும் ஆறுகளிலும் கால்வாய்களிலும் பரவிவிட்ட ஒரு விளையாட்டின் சரித்திரத்தை இனிக் காண்போம். பலகையின்மேல் நேராக நின்றுகொண்டு, ஆளுயரத்துக்கும் சற்று மேற்பட்ட ஒற்றைத் துடுப்பினால் நீரை வலித்துச் செல்லும் இவ்வித்தையை இன்று ‘ஸ்டாண்டப் பேடில்’ என்று உலகமெங்கும் அழைக்கிறார்கள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் வீரர்களின் வெற்றிகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் சற்று வேறு. ஓய்வுள்ள செல்வர்களின் பொழுதுபோக்காகப் பிறந்து, காலக்கிரமத்தில் பொதுஜனங்களிடம் வந்து சேர்ந்த விளையாட்டுகள் பல உண்டு. இதுவோ, அலையிலே பிறருக்குக் கற்றுக் கொடுத்தும், பிறரைப் படம் பிடித்தும், முழுகுகிறவர்களைக் கரை சேர்த்தும் ஜீவனம் நடத்திய உழைப்பாளிகள் தங்கள் தொழிலின் நிமித்தம் எழுந்து நின்ற நிலையிலிருந்து பிறந்தது. பிறகு இது எங்கெங்கே வேரூன்றியது, யார் யாரைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது, எந்த விவகாரத்தில் சிக்கியது என்பதையெல்லாம் இந்தப் பிறப்பை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் சரியாக விளங்கும்.

1901-ஆம் ஆண்டில் வைக்கீக்கி கரையில் மோவானா ஹோட்டலும், 1927-இல் அதன் அருகே ராயல் ஹவாயன் ஹோட்டலும் எழுந்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நீராவிக் கப்பல்களில் வந்திறங்கிய பிரயாணிகளுக்கு அலைமேல் ஏறும் சுகத்தைக் காட்டிக் கூலி பெற்ற உள்ளூர் இளைஞர் கூட்டத்துக்கு ‘பீச் பாய்ஸ்’ என்று பெயர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்று திரும்பிய டியூக் கஹானமோக்குவும் இந்தக் கரையில் வளர்ந்தவரே. இவர்களுள் லீராய், பாபி என்ற ஆ சோய் சகோதரர்களும், ‘பாப்ஸ்’ என்று எல்லோராலும் அருமையாக அழைக்கப்பட்ட அவர்களுடைய தந்தை ஜான் ஆ சோயும் நம் சரித்திரத்துக்கு முக்கியமானவர்கள். மோட்டார் விபத்தொன்றில் காயமுற்ற பாபிக்கு மண்டியிட்டுப் பலகை செலுத்துவது இயலாமற்போயிற்று என்றும், அதனால் அவர் ஓடத் துடுப்பொன்றைக் கையிலெடுத்து நின்றபடியே அலைகளுக்கிடையே சென்று, பிரயாணிகளைப் படம் பிடித்தும் அடுத்து வரும் அலையைப் பற்றி உரக்கக் குரல் கொடுத்தும் வந்தார் என்றும் சொல்வார்கள். தந்தையும் அண்ணன் தம்பியுமாக அவர்கள் கழுத்தில் கேமராவும் கையில் துடுப்புமாக நீரின்மேல் உலாவிய காட்சி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைக்கீக்கிக்கு வந்து போன பலருக்கு ஞாபகத்தில் இருந்தது.

நிற்பதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். பலகையின்மேல் குப்புறப் படுத்திருப்பவனுடைய கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு முழ உயரத்துக்குமேல் இராது. அருகில் எழும்பும் சிறு அலையே அவனுக்குத் தொடுவானத்தை மறைத்துவிடும். எழுந்து நின்றவனோ, தூரத்தில் கறுத்த கோடுகளாகத் திரண்டு வரும் பேரலை வரிசையை அது உடைவதற்கு வெகு முன்பே கண்டு கொள்வான். எந்த மாணவன் எங்கே தத்தளிக்கிறான், எவன் பலகையை விட்டுப் பிரிந்துவிட்டான் என்பதும் ஒரே பார்வையில் அவனுக்குத் தெரியும். நீருக்குள் பார்வையும் அவனுக்கு ஆழமாக இறங்கும். பவழப் பாறை எங்கே தலை நீட்டுகிறது, மணல் திட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டறிந்து வழி நடத்துவான். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவன் தேடிக்கொண்ட உயரம் அது.

இதே காலத்தில் இந்த விளையாட்டின் மற்றொரு கிளை, முழுக்க முழுக்கக் காப்பாற்றும் தொழிலிலிருந்தே வளர்ந்து வந்ததையும் சொல்ல வேண்டும். 1925 ஜூன் 14 அன்று, கலிபோர்னியாவில் நியூபோர்ட் துறைமுக வாயிலில் தெல்மா என்ற படகு பேரலையில் கவிழ்ந்தபோது, கரையிலிருந்த டியூக் கஹானமோக்கு தம் பலகையை எடுத்துக்கொண்டு அந்தக் கொந்தளிப்புக்குள் பாய்ந்து, திரும்பத் திரும்பச் சென்று எட்டுப் பேரைக் கரைக்குக் கொண்டுவந்தார். படகில் இருந்த பதினேழு பேரில் ஐவர் மாண்டனர். உயிர் தப்பிய பன்னிருவரில் எண்மர் அவர் ஒருவரால் பிழைத்தார்கள். பலகை என்பது கேளிக்கைப் பொருள் மட்டுமே என்று எண்ணியிருந்த கடற்காவலர்களுக்கு அன்று கண் திறந்தது. அடுத்த ஆண்டே, விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்து கடலைத் தேடி வந்த டாம் பிளேக் என்பவர், ஹொனலூலுவிலுள்ள பிஷப் பொருட்காட்சி சாலையில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய ஓலோ பலகைகளைப் பார்த்து அதே வடிவில் ஒன்று செய்ய முயன்று, அதன் கனத்தைக் குறைக்க நூற்றுக்கணக்கான துவாரங்களைத் துளைத்து மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டினார். உள்ளே வெற்றிடமுள்ள பலகை இப்படித்தான் உருவாயிற்று. அது வேகமாகச் சென்றது, நன்றாக மிதந்தது, ஆகவே கடற்காவல் நிலையங்கள் அதை விரும்பி ஏற்றன. 1932-இல் பிளேக், பீட் பீட்டர்சன், வாலி பர்ட்டன் ஆகிய மூவரும் கலிபோர்னியக் கரையிலிருந்து கேட்டலினா தீவுவரை பலகையிலேயே கடல் கடந்து பந்தயம் நடத்தினார்கள். 1955-இல் அது தீவிலிருந்து மன்ஹாட்டன் பீச் வரை 32 மைல் தூரமுள்ள ஒழுங்கான பந்தயமாக உருப்பெற்றது. அதில் கலந்துகொண்டவர்களில் பலர் கடற்காவலர்கள். அவர்கள் படுத்தும் மண்டியிட்டும் கையால் நீரை வலித்தார்கள். துடுப்பு அங்கே இல்லை. ஆயினும் தூரக் கடலைப் பலகையால் கடப்பது என்ற துணிவை நம் விளையாட்டுக்குத் தந்தது அந்தக் கிளைதான்.

இனி உறக்கத்தின் காலம். 1960-களின் கடைசியில் அலைச்சறுக்கு உலகில் பலகைகள் திடீரென்று குறுகின. ஒன்பது, பத்து அடி நீளம் போய், ஆறு ஏழு அடிப் பலகைகள் நாகரிகமாயின. அலையின் சுவரில் வளைந்து நெளிந்து செல்வதற்கு அவை உகந்தவை. ஆனால் அசையாமல் நிற்கும் மனிதனைத் தாங்கும் மிதப்பு அவற்றுக்குக் கிடையாது. நின்று துடுப்பு வலிக்கும் வழக்கம் வைக்கீக்கியின் முதியவர் சிலரிடம் மட்டும் தங்கிவிட்டது. இந்த முப்பது ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்கு வேறு விசேஷம் இல்லை.

அந்த உறக்கம் மாவி தீவில் கலைந்தது. அங்கே பேரலைகளின்மேல் ஏறிப் பிரசித்தி பெற்ற லேர்ட் ஹாமில்டனும், அவருடைய நண்பர் டேவ் கலாமாவும் அலை குறைந்த நாட்களில் உடலைப் பழக்கத்தில் வைத்திருக்க வழி தேடினார்கள். இருவர் நிற்பதற்காகச் செய்யப்பட்ட அகன்ற பலகைகளில் ஏறி, ஓடத் துடுப்புகளை வைத்துக்கொண்டு முதுகைக் கூனிக் குனிந்து வலித்துப் பார்த்தார்கள், இடுப்பு வலித்தது, துடுப்பின் தண்டை நீட்டிச் செய்யச் சொன்னார்கள். இந்தச் சிறு மாற்றந்தான் பின்னர் வந்த அனைத்துக்கும் வித்து. துடுப்பு ஆளுயரத்துக்கு மேல் ஒரு சாண் அளவு நீண்டதும் முதுகு நிமிர்ந்தது. கையின் பலத்தோடு வயிறும் இடுப்பும் தொடையும் சேர்ந்து உழைக்கத் தொடங்கின. ஒருவன் மணிக்கணக்காக நின்று வலிக்க முடிந்தது. இதில் புதிதாகப் பழகுகிறவர்கள் அநேகமாக அனைவரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. துடுப்பின் அலகு தண்டிலிருந்து சுமார் பத்து பாகை சாய்வாக அமைந்திருக்கும். கரண்டியைப் பிடிப்பதுபோல அந்தச் சாய்வைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு நீரை வாரியெடுக்கப் பார்ப்பார்கள்; பலகையோ நகர மறுக்கும். அலகு முன்னோக்கிச் சாய்ந்திருக்குமாறு பிடித்து, கால்விரலுக்கு முன்னே எட்டி நீரில் ஊன்றி, ஊன்றிய இடத்தை நோக்கி உடலைக் கொண்டு செல்வதே முறை. பாதம் வரையில் வந்ததும் துடுப்பை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுத்தால் பலகையின் வால் நீருக்குள் அழுந்துமே தவிர வேகம் கூடாது.

ஓவாஹு தீவின் மேற்குக் கரையில் மக்காஹா என்றொரு கிராமம். அங்கே கடற்காவலராக இருந்து, 1976-இல் தஹித்திக்குச் சென்ற ஹொக்குலேயா என்ற பாய்மர இரட்டை ஓடத்தின் மாலுமிகளில் ஒருவராகவும் விளங்கிய பஃபலோ கேயவுலானா, உள்ளூர்க் குடும்பங்களைக் கூட்டி ஆண்டுதோறும் நெடும்பலகைத் திருவிழா ஒன்றை 1977 முதல் நடத்தி வந்தார். அவருடைய மகன் பிரையன் கேயவுலானாவும் கடற்காவலரே. நீர் ஸ்கூட்டரின் பின்னால் சறுக்குப் பலகையைக் கட்டி ஆட்களை மீட்கும் முறையை வளர்த்தவர். 2003-இல் அத்திருவிழாவில், வைக்கீக்கி முன்னோர்களின் ஞாபகார்த்தமாக ‘பீச் பாய் சர்ஃபிங்’ என்ற பெயரில் நின்று துடுப்பிடுகிறவர்களுக்கென்று தனிப் போட்டி சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது பேர் வந்து கலந்துகொண்டார்கள். இந்த விளையாட்டு முதன்முதல் ஒரு சமூகமாகத் தன்னைக் கண்டுகொண்டது அந்த மக்காஹா கரையில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே பாட்டனார்கள் இருந்தார்கள், பேரக் குழந்தைகள் இருந்தார்கள், ஓடம் வலிப்பவர்கள் இருந்தார்கள், பேரலை வீரர்களும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் முன்பே உறவும் பழக்கமும் உள்ளவர்கள். பிற்காலத்தில் பெரும் பணச் செலவில் நடந்த எந்தப் போட்டிக்கும் கிட்டாத ஒரு சௌஜன்யம் அதற்கு இருந்தது.

மறு ஆண்டு, 2004-இல், ரிக் தாமஸ் என்பவர் ஹவாயிலிருந்து ஒரு பலகையையும் துடுப்பையும் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து அங்குள்ள அலைகளில் இறக்கினார். ஹாமில்டனும் மாலிபு கரையில் துடுப்போடு காணப்பட்டார். அங்கே வரவேற்பு ஒரே மாதிரியாக இல்லை. நின்று துடுப்பிடுகிறவன் அலையைத் தூரத்திலேயே பார்த்து, படுத்திருப்பவர்களுக்கு முன்பே வேகமெடுத்து அதைப் பற்றிக்கொள்வான். நெடுநேரம் முறைக்குக் காத்திருந்தவர்கள் மனம் கசந்ததில் ஆச்சரியமில்லை. பெரிய பலகை கைவிட்டுப் போனால் அருகிலிருப்பவர் மண்டை உடையும் என்ற அச்சமும் நியாயமானதே. இந்த உராய்வினால் ஒரு நன்மை விளைந்தது. அலையில் இடம் கிடைக்காதவர்கள் அமைதியான துறைமுக நீருக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் சென்றார்கள். அங்கே அலையேறத் தெரியாத, கடலையே பாராத ஜனங்கள் அவர்களைப் பார்த்து ‘எனக்கும் ஒருமுறை கொடுங்கள்’ என்று கேட்டார்கள். 2008 அக்டோபரில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை, அலைச்சறுக்குக்கும் நீச்சலுக்கும் ஒதுக்கிய எல்லைக்கு வெளியே இப்பலகையும் ஒரு ‘கலம்’ என்றே கணக்கிடப்படும் என்றும், அதில் உயிர்க்காப்புச் சட்டை இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. கேளிக்கைப் பொருளாக இருந்தது சட்டத்தின் கண்ணில் படகாயிற்று.

அதே 2008-இல், தெற்குக் கலிபோர்னியாவின் டேனா பாயின்ட் நகரத்தில் டோஹெனி கடற்கரையில் ‘பேட்டில் ஆஃப் தி பேடில்’ என்ற பந்தயம் ஆரம்பமாயிற்று. ஹவாயின் பைப்லைன் அலையில் அழகின் உருவமாக நின்று பேர் பெற்ற ஜெர்ரி லோபஸின் எண்ணத்தில் உதித்து, ரெயின்போ செருப்புக் கம்பெனியாரின் ஆதரவில் நடந்தது அது. பந்தயம் என்றால் தூரத்தில் எங்கோ புள்ளிகளாக மறையும் வீரர்களைக் கரையில் இருப்பவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய நிலையை லோபஸ் மாற்றினார். கரைக்கு அருகிலேயே மிதவைகளை நிறுத்தி, அலை உடையும் பகுதிக்குள் புகுந்து வெளியேறி, கரையேறி மணலில் ஓடி, மறுபடியும் நீரில் இறங்கும்படியாகப் பாதையை வகுத்தார்கள். ‘சுத்தியல்’ என்று பெயர் சூட்டிய ஒரு பகுதியில் அலை வீரர்களை உண்மையாகவே சம்மட்டியால் அடித்துப் புரட்டியது.

மிதவையைச் சுற்றித் திரும்பும் அந்தக் கணத்தைப் பார்த்தால்தான் இவ்விளையாட்டின் நுட்பம் தெரியும். பதினான்கு அடிப் பலகை நேராகச் செல்வதற்காகவே செய்யப்பட்டது. திரும்ப மனம் வராது. வீரர் மிதவையை நெருங்கும்போது ஒரு காலைப் பின்னுக்கு வைக்கிறார்; இன்னும் ஒரு அடி பின்னுக்குப் போகிறார்; உடற்பாரம் முழுவதும் வாலில் இறங்கியதும் பலகையின் மூக்கு நீரைவிட்டு மேலே எழும்புகிறது. இப்போது நீரில் இருப்பது பலகையின் கால் பாகமே. முழங்காலை நன்றாக மடித்து, துடுப்பை அகல வீசி அரைவட்டமாக ஒரு முறை, இரு முறை வலிக்கிறார்; பலகை வாலை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. மூக்கு புதிய திசையைப் பார்த்ததும், அது நீரில் விழுமுன் முன்னோக்கி மூன்றடி நடந்து நடுவில் நின்று வலிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பின்னால் வருபவரின் பலகை முழங்காலில் இடிக்கும். இருபது, முப்பது பேர் ஒரே மிதவையை ஒரே சமயத்தில் சூழ்ந்துகொள்ளும்போது, சாமர்த்தியத்தோடு பொறுமையும் சோதிக்கப்படும்.

இங்கே கேண்டிஸ் ஆப்பிள்பி என்ற வீராங்கனை பல முறை முதலிடம் பெற்றார். மாவி தீவில் வளர்ந்த கானர் பாக்ஸ்டர், காய் லெனி போன்ற இளைஞர்கள் இங்கேதான் உலகத்துக்கு அறிமுகமானார்கள். ஆனால் டோஹெனியின் சிறப்பு அவர்களோடு தீர்ந்துவிடவில்லை. உயர்தரப் போட்டி நடந்த அதே கரையில், அதே வார இறுதியில், சாதாரண ஜனங்களுக்கென்று திறந்த பந்தயமும், குழந்தைகளுக்கு ஒன்றும், குழுவாக ஓடும் தொடரோட்டம் ஒன்றும் நடந்தன. நூற்றுக்கணக்கான பலகைகள் ஒரே சங்கொலிக்குக் கடலில் இறங்கின. அவற்றில் ஏறியவர்களில் பாதிப் பேர் முதல் அலையிலேயே விழுந்து, சிரித்துக்கொண்டு எழுந்து, தொடர்ந்து போனார்கள். உலகச் சாம்பியனிடம் துடுப்பைப் பிடிக்கும் முறையை மணலில் நின்றே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. 2014-ஆம் ஆண்டோடு அந்தப் பந்தயம் நின்றுபோனது மிகவும் வருந்தத்தக்கது. பின்னர் வந்தவை அதைவிட ஒழுங்காக நடந்திருக்கலாம். அந்த ஜனத்திரளின் உற்சாகத்தை அவை முற்றிலும் எட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

டோஹெனி ஒரு துருவம் என்றால் கைவி கால்வாய் மறு துருவம். மொலோக்காய் தீவுக்கும் ஓவாஹு தீவுக்கும் இடையே எழுநூறு மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கும் இந்தக் கடற்பரப்பு, வடகிழக்கு வாணிபக் காற்று முழு வேகத்துடன் குவிந்து வீசும் இடம். 1978 மார்ச்சில் ஹொக்குலேயா ஓடம் இங்கே கவிழ்ந்தபோது, ஓவாஹுவின் வடகரைக் கடற்காவலராக அநேகரைக் காப்பாற்றிய எடி ஐகாவு, உதவி தேடித் தம் பலகையில் ஏறிக் கரையை நோக்கிச் சென்றார். மற்ற மாலுமிகள் மீட்கப்பட்டார்கள். அவர் மட்டும் அகப்படவேயில்லை. அந்தத் தியாகத்தை அறியாமல் இந்தக் கால்வாயில் பலகையை இறக்கும் ஹவாய்க்காரர் யாருமில்லை.

1997-இல் இதே நீரில் 32 மைல் பந்தயம் தொடங்கியது. முதலில் படுத்தும் மண்டியிட்டும் செல்வோருக்கே அது உரியதாக இருந்தது; ஆஸ்திரேலியரான ஜேமி மிச்சல் 2002 முதல் 2011 வரை பத்து ஆண்டுகள் இடைவிடாமல் அதில் வென்று, 2007-இல் நான்கு மணி 48 நிமிஷத்தில் கால்வாயைக் கடந்தார். நின்று துடுப்பிட்டு அதைக் கடக்கத் துணிந்த முன்னோடிகளில் ஒருவர் மாவி தீவின் கடற்காவல் தலைவராக இருந்த ஆர்ச்சி கலேபா. பிரேஸிலில் பிறந்து மாவியில் ஆம்புலன்ஸ் சேவையில் பணிபுரிந்த ஆண்ட்ரியா மொல்லர், அவ்வாறு கடந்த பெண்களில் முதல்வர். கடற்காவலரும் அவசர சிகிச்சைப் பணியாளரும் இப்படி அடுத்தடுத்து வருவதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இந்தப் பந்தயத்தில் வலிமை பாதி, கடலைப் படிக்கும் அறிவு பாதி. காற்று முதுகில் வீச, பின்னாலிருந்து எழும்பி வரும் அலைமேடு ஒவ்வொன்றையும் கவனித்து, அது வாலைத் தூக்கும் தருணத்தில் நாலைந்து முறை பலமாக வலித்து அதன்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். ஏறியதும் துடுப்புக்கு ஓய்வு. சறுக்கிச் செல்லும்போதே முன்னாலிருக்கும் பள்ளத்தில் அடுத்த மேடு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துப் பலகையைத் திருப்ப வேண்டும். நல்ல காற்று வாய்த்த ஆண்டுகளில் முதல்வர்கள் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு ஓவாஹு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கரைக்கு அருகில் வந்தபின் காற்று பக்கவாட்டில் திரும்பி நீரோட்டம் எதிர்க்கும். முப்பது மைல் சிரமப்பட்டு வந்தவர்கள் கடைசி இரண்டு மைலில் மனமுடைந்து போவதுண்டு.

அலையே இல்லாத நாடுகளுக்கும் விளையாட்டு சென்றதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில், கால்வாய்கள் உறைந்து கெட்டிப்படும் கடுங்குளிர் ஆண்டுகளில் மட்டும், பதினொரு நகரங்களைச் சுற்றிப் பனிச்சறுக்குக் காலணியோடு 200 கிலோமீட்டர் ஓடும் ஒரு பந்தயம் 1909 முதல் உண்டு. பனி போதிய கனத்துக்கு உறையாத காரணத்தால் 1997-க்குப் பின் அது நடைபெறவே இல்லை. அந்நாட்டு வீராங்கனை ஆன் மரி ரைக்மன், உறையாத அதே கால்வாய்களில் பலகையும் துடுப்புமாகச் சென்றால் என்ன என்று எண்ணி, 2009-இல் ஐந்து நாட்களில் 220 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கும் பயணத்தை ஏற்படுத்தினார். காற்றாலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, தலை நிமிர்ந்தால் இடிக்கும் தாழ்ந்த பாலங்களின் அடியில் குனிந்தும் மண்டியிட்டும் நுழைந்து, நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வலிக்க வேண்டும். உள்ளங்கை கொப்புளம் நான்காம் நாளில் உடையும். எதிர்க் காற்றில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி முறை வைத்து முன் செல்வார்கள். கிராமத்து ஜனங்கள் கரையில் நின்று கைதட்டுவார்கள். நின்றுபோன ஒரு பழைய விழாவின் தடத்தை அந்த மாகாணத்தார் வேறு வடிவில் மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார்கள்.

ஜனங்கள் பெருவாரியாகத் திரண்டதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. காற்றடைத்த பலகைகள் முதலில் மெத்தைபோல நடுவில் தொய்ந்தன. இரண்டு கெட்டித் துணிகளை ஆயிரக்கணக்கான நூலிழைகளால் சம இடைவெளியில் இணைத்து, அவற்றின் நடுவே காற்றைச் செலுத்தும் நெசவுமுறை கைக்கொள்ளப்பட்டதும், பத்து நிமிஷம் கைப்பம்பினால் அடித்தால் மரம்போல விறைத்து நிற்கும் பலகை கிடைத்தது. காற்றை இறக்கினால் சுருட்டி முதுகுப் பையில் போட்டுக்கொள்ளலாம். பத்தடிப் பலகையை வைக்க வீட்டில் இடமில்லாதவர்களும், காரில்லாமல் ரயிலில் ஏரிக்குப் போகிறவர்களும் இதனால் அன்றே துடுப்புக்காரர்களாயினர். பெர்லினிலும் ஜூரிக்கிலும் லண்டனிலும் நதிக்கரைச் சங்கங்கள் கிளம்பியதற்கு எந்த வீரரின் புகழையும்விட இந்தப் பையே முக்கிய காரணம் என்று நினைக்கிறேன்.

2012 பிப்ரவரியில், சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் பெரு நாட்டின் லிமா நகரத்தில் முதலாவது உலகப் போட்டியை நடத்தியது. பதினேழு நாடுகள் வந்தன. இடப் பொருத்தத்தை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஏனெனில், பெருவின் வடகரையில் ஹுவான்சாக்கோ செம்படவர்கள், கோரைப் புல்லால் கட்டிய கூர்மூக்குத் தெப்பத்தில் ஏறி, பிளந்த மூங்கிலைத் துடுப்பாகக் கொண்டு அலையைக் கடந்து மீன் பிடித்து, அலைமீதே கரை திரும்புவது பன்னெடுங்காலத்து வழக்கம். அலைச்சறுக்குச் சங்கம் நடத்தும் போட்டிகளின் தொடக்க விழாவில் ஒவ்வொரு நாட்டாரும் தம் கடற்கரை மணலைக் கொண்டுவந்து ஒரே கண்ணாடிப் பேழையில் கொட்டுவார்கள். 2014-இல் நிகரகுவாவிலும், 2015-இல் மெக்ஸிகோவிலும், 2016-இல் ஃபிஜியிலும் நடந்து, 2017-இல் கோபன்ஹேகன் நகரக் கால்வாய்களுக்குப் போட்டி வந்தபோது நாடுகளின் தொகை 42 ஆக உயர்ந்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் குழுப் பதக்கத்தை ஆஸ்திரேலியா விட்டுக்கொடுக்கவில்லை. 2019-இல் லிமாவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளில் இதற்கு இடம் கிடைத்து, ஆப்பிள்பியும் பாக்ஸ்டரும் பந்தயத் தங்கங்களை வென்றார்கள்.

ஃபிஜிக்குச் சென்றவர்களில் கர்நாடகத்தின் முல்கியைச் சேர்ந்த தன்வி ஜகதீஷும் ஒருவர். நம் பக்கத்தில், சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் 2013 முதல் நடந்த அலைச்சறுக்கு விழாவில் நின்று துடுப்பிடும் பந்தயமும் சேர்ந்திருந்தது. அந்த மீனவக் குப்பத்துப் பிள்ளையான சேகர் பச்சை தேசியச் சாம்பியனாக உயர்ந்தார். கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்துக் கரையலையைக் கடக்கும் தொழில் அவருடைய ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஹவாய் வழக்கத்துக்கும் அதற்கும் வம்ச சம்பந்தம் ஒன்றும் இல்லை; ஆனால் அலை எங்கே உடையும், எந்த இடைவெளியில் நுழைய வேண்டும் என்ற அறிவைச் சிறு பிராயத்திலேயே பெற்ற ஒருவருக்குப் பலகை புதிதாக இருந்ததே தவிர, கடல் புதிதாக இல்லை.

இவ்வாறு வளர்ந்த விளையாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்ற விவகாரம் எழுந்ததைக் குறிப்பிடாமல் இந்த அத்தியாயம் முடியாது. துடுப்பினால் செலுத்தப்படுவது எதுவோ அது எங்கள் ஆட்சிக்கு உட்பட்டது என்று சர்வதேச ஓட விளையாட்டுச் சம்மேளனம் வாதாடியது. அலைச்சறுக்குப் பலகையில் அலைச்சறுக்குக்காரர்களிடமிருந்து பிறந்தது எங்களுடையது என்று அலைச்சறுக்குச் சங்கம் வாதாடியது. ஒலிம்பிக் வாசல் கண்ணுக்குத் தெரிந்ததுதான் இருதரப்புக்கும் வேகம் கொடுத்தது. சமரசப் பேச்சு பலிக்காமல், வழக்கு சுவிட்ஸர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. இதற்கிடையில், 2019-இல் சீனாவின் சிங்டாவ் நகரில் ஓடச் சம்மேளனம் தன் முதல் உலகப் போட்டியை நடத்திவிட்டது. 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: ஒலிம்பிக் மட்டத்தில் நிர்வாகம் அலைச்சறுக்குச் சங்கத்துக்கு, போட்டிகள் நடத்துவதற்கு இருவருக்குமே தடையில்லை.

தீர்ப்பின் நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். எனினும் ஆ சோய் குடும்பத்தாரும் கேயவுலானா குடும்பத்தாரும் இந்த வாதத்தில் ஒரு வார்த்தையும் கேட்கப்படாமல் இருந்தது என் மனத்துக்கு ஒப்பவில்லை. தீர்ப்புக்குப் பின் இரண்டு உலகச் சாம்பியன் போட்டிகள் அருகருகே நடந்து வருகின்றன. 2024-இல் ஒன்று கோபன்ஹேகனிலும் மற்றது அமெரிக்காவின் சரசோட்டாவிலும் நடந்தன. அதே வீரர்கள் பலர் இரண்டுக்கும் போனார்கள். உலகத்தின் ஏரிகளிலும் ஆறுகளிலும் துடுப்பிடும் லட்சக்கணக்கானவர்களில் இந்த வழக்கைக் கேள்விப்பட்டவர்கள் வெகு சிலரே இருப்பார்கள்.

சங்கங்கள் வாதாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, 2016 டிசம்பர் 6 அன்று, தென்னாப்பிரிக்கரான கிறிஸ் பெர்டிஷ் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியாக மேற்கு நோக்கிப் புறப்பட்டார். சிறிய அறை ஒன்று அமைந்த துடுப்புப் பலகையில் 93 நாட்கள் வலித்து, 2017 மார்ச் 9 அன்று கரிபியக் கடலின் ஆன்டிகுவா தீவை அடைந்தார். அவர் எவ்வாறு உறங்கினார், எதை உண்டார், நடுச்சமுத்திரத்தில் என்ன பழுது நேர்ந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)